ஊசியம்மாவுக்குக் கிடைத்த ஒரே ஓடு

ஊசியம்மா என்று பெயர் வைத்தது நான்தான். பயிர்ப்பூச்சி ஆய்வகத்தில் முடி போன்ற ஓர் ஊசியை வைத்துக்கொண்டு, கடுகிலும் சிறிய பூச்சிகளைக் கண்ணாடித் தகட்டில் கிடத்துவது அவருடைய வேலை. பக்கத்து மேசையில் அறிக்கை தட்டச்சு செய்பவன் நான். நான் தும்மினால் போதும், திட்டு விழும்.

வெள்ளை ஈயை இனம் பார்ப்பது என்ன பெரிய வித்தை என்று நானும் இளக்காரமாக நினைத்தவன்தான். பறக்கிற ஈக்களெல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இலையின் அடியில் ஒட்டி வளர்ந்த குஞ்சு, ஈயாகிப் பறக்கும்போது விட்டுப்போகும் ஓடுதான் அது எந்த இனம் என்று காட்டிக்கொடுக்கும்.

அன்று ஊசியம்மாவின் அண்ணன் ஒரு நாள் பயணம் செய்து வந்திருந்தார். கொய்யாத் தோப்புக்காரர். தோப்பெல்லாம் வெள்ளை ஈ. பழைய இனமென்றால் சோப்புத் தண்ணீர் போதும். புதிதாக வருவதாகச் சொல்லப்பட்ட இனமென்றால், அதை முதலில் கண்ட தோப்பை வேரோடு வெட்டி எரிக்க வேண்டும் என்று உத்தரவு.

கூடை நிறைய இலைகள். எல்லாம் பளபளவென்று இருந்தன.

"அண்ணா, இலையைக் கழுவிட்டீங்களா?"

"ஆபீசுக்குப் போற இலையாச்சே, அழுக்கோடயா கொடுக்கிறது? நல்லா தேச்சுக் கழுவினேன். ஈ தனியா பாட்டில்ல இருக்கு."

ஊசியம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஈயை வச்சு நான் என்ன பண்றது? நீங்க தேச்சுக் கழுவினீங்களே, அதுதான் வேணும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு முறைப்பு கிடைத்தது.

பாட்டிலின் வாயை ஓர் இலையைச் சுருட்டி அடைத்திருந்தார் அண்ணன். ஊசியம்மா அதை உருவிப் பிரித்தார். அந்த இலையைக் கழுவவில்லை. அடிப்பக்கத்தில் இருந்த ஓடுகளெல்லாம் நசுங்கியிருக்க, ஒன்றே ஒன்று முழுதாக இருந்தது.

காரக் கரைசலில் இளஞ்சூட்டில் வைத்து, சாயமேற்றி, முதுகு மேலாக அதைத் தகட்டில் கிடத்தினார். கிழிந்தால் வேறு கிடையாது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

நுண்ணோக்கியில் பார்த்தவர் எழுந்து எனக்கு இடம் விட்டார். பார்த்தேன். வெறும் கண்ணில் பட்டிருந்தால் தூசி என்று துடைத்துப் போட்டிருப்பேன். அதற்குள் ஓரமெல்லாம் மடிப்பு, முதுகில் ஜோடி ஜோடியாக வட்டங்கள், ஒன்றுகூட வரிசை தப்பவில்லை. அடுத்து அண்ணன் குனிந்தார்.

"என்னம்மா இது, கண்ணாடியில பூவேலை செஞ்ச மாதிரி இருக்கு."

"வால் பக்கம் சின்னதா ஒரு மூடி தெரியுதா? வழவழன்னு இருக்கா, சுருக்கமா இருக்கா?"

"சுருக்கம்தான். வரிவரியா இருக்கு."

"பழசுக்கு வழவழன்னு இருக்கும் அண்ணா. இது புதுசு."

நான் குறுக்கே புகுந்தேன். "ஒரே ஒரு ஓடுதானே? இன்னும் இலை வரட்டும்னு எழுதிடலாமே."

அண்ணன் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இத்தனூண்டுல இவ்வளவு தெளிவா இருக்கு தம்பி. பார்த்துட்டு எப்படி இல்லைங்கிறது? நீங்க டைப் அடிங்க. பக்கத்துத் தோப்பாவது பிழைக்கட்டும்."