கண்ணுக்குள் கேட்ட சத்தம்

எங்கள் பட்டாசுக் கம்பெனி சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் இருக்கிறது. அப்பா நடத்துகிறார். நான் அவருக்கு ஒரே பிள்ளை. ஆனாலும் அந்த கேட்டுக்குள் அவர் என்னைக் காலெடுத்து வைக்க விட்டதில்லை. வெடிமருந்து கலக்கும் அறைகள் தள்ளித் தள்ளி நிற்பதைக் காரிலிருந்து பார்த்ததோடு சரி. தீபாவளிக்கும் மொட்டைமாடியிலிருந்து வேடிக்கை பார்க்கத்தான் அனுமதி.

"நீ படிச்சு வெளிய போயிரு பாப்பா. வெடியும் நெருப்பும் என்னோட போகட்டும்" என்பார்.

இயற்பியல் படித்தேன். முனைவர் பட்டத்துக்காக பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். சில படிகங்களை நன்றாகக் குளிரவைத்தால் உள்ளே இருக்கும் எலெக்ட்ரான்கள் ஒழுங்காக வரிசைகட்டிக்கொள்ளும். அணுக்களும் அந்த வரிசைக்கு ஏற்ப இம்மியளவு நகர்ந்து நிற்கும். அதன்மேல் மிகமிகக் குறுகிய நேரமே இருக்கும் லேசர் ஒளித்துடிப்பு ஒன்றை விட்டால் வரிசை குலையும், அணுக்கள் அதிரும். பின்னாலேயே மெலிந்த இன்னொரு துடிப்பை அனுப்பி, அது படிகத்தில் பட்டுத் திரும்புவதை அளப்போம். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டே போனால், அதிர்வு ஏறி இறங்கி அடங்குவது திரையில் அலையாக எழும். இதுதான் என் வேலை.

முதல்முறை அந்த அலையைப் பார்த்த அன்று அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அப்பா, அணுவெல்லாம் ஆடுறதப் பாத்தேன்."

"நேர்லயா?"

"இல்லப்பா, கம்ப்யூட்டர்ல. கோடு கோடா வரும்."

"அதுதான் நல்லது. கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அவருக்கு அதில்தான் நிம்மதி.

நாலாவது வருடம் புதுப் படிகம் ஒன்று வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு துடிப்புகளையும் அதன்மேல் ஒரே புள்ளியில் விழவைக்க முயன்றுகொண்டிருந்தேன். அந்த ஒளி கண்ணுக்கு மங்கிய சிவப்பாகத்தான் தெரியும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் அதுவும் தெரியாது. அதனால் இந்த வேலையின்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வது அங்கே எல்லோருக்கும் வழக்கம். நானும் ஏற்றியிருந்தேன். படிகம் இருந்த குளிர்கலத்தை லேசாகத் திருப்பியபோது, அதன் கண்ணாடிச் சன்னலில் பட்ட ஒளி தெறித்து என் வலது கண்ணில் பாய்ந்தது.

வலிக்கவே இல்லை. டப்பென்று ஒரு சின்னச் சத்தம். பக்கத்தில் நின்ற தோழி "என்ன ஆச்சு?" என்று திரும்பினாள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தேன். தலைமுடி தெரிந்தது, காதுகள் தெரிந்தன. நடுவில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத் திட்டு ஒன்று இருந்தது.

ஊருக்கு வந்து, மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அப்பா அம்மாவோடு போனேன். டாக்டர் என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தபடியே கேட்டார்.

"வீடு எங்க?"

"சிவகாசிப் பக்கம்" என்றார் அப்பா.

"பட்டாசா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இல்ல டாக்டர், லேசர்" என்று நான் சொன்னேன். டாக்டர் விளக்கை அணைத்தார். பிறகு, விழித்திரையின் நடுவில் தழும்பு விழுந்துவிட்டது, அந்த இடத்தில் பார்வை இனித் திரும்பாது என்றார்.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா மாத்திரை வாங்கப் போனாள்.

"சத்தம் கேட்டுச்சா பாப்பா?" அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கேட்டுச்சுப்பா. சின்னதா. கண்ணுக்குள்ள."

அவருடைய தோள் குலுங்கியது. அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

"நம்ம கம்பெனில ஒரு பொம்பளைக்குக் கண்ணு போச்சு. நாந்தான் இங்கன கூட்டியாந்தேன். இதே பெஞ்சுலதான் உக்காந்திருந்தோம். அவளுக்கு என்ன ஆறுதல் சொன்னேன் தெரியுமா? இன்னொரு கண்ணு நல்லாத்தான இருக்குன்னேன்." துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "உன்ட்ட அதச் சொல்ல வாய் வரமாட்டேங்குது தாயி."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றாக இருந்த கண்ணை மூடி, மற்றதால் அவரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, நரைத்த தலை, அவ்வளவுதான். அழுகிற முகம் தெரியவில்லை. அதன்பிறகு அப்படிச் சோதித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து ஆய்வகத்துக்குத் திரும்பினேன். லேசர் மேசையின் முன் குனிந்தேன். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை; திருகாணியைப் பிடிக்கப் போன கை அதற்கு முன்னாலோ பின்னாலோ போய் நின்றது. அந்தப் படிகத்தை என் ஜூனியர்தான் அளந்து முடித்தாள். வந்த எண்களை வைத்து நான் கணக்குப் போட்டு எழுதினேன். குலைந்த வரிசை முழுதாகத் திரும்பிவிடுகிறது என்று தெரிந்தது. அழகான அலை. எல்லோரும் கை கொடுத்தார்கள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உலகத்திலேயே எனக்குப் பிடித்த வேலை அது. அந்த மேசைக்கு நான் மறுபடி போகவில்லை.

இப்போது விருதுநகரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன்.

கம்பெனியில் கண் போன அந்தத் தொழிலாளியின் வீட்டுக்கு அப்பா போனதை அம்மாதான் பிறகு சொன்னாள். காப்பியைக்கூடக் குடிக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் அந்தப் பெண்ணே கேட்டாளாம்: "பாப்பாவுக்கு எந்தக் கண்ணு மொதலாளி?"

"வலது."

"எனக்கு இடது" என்றாளாம்.

அவர் தொழிலை விடவில்லை. விட்டால் அவளைப்போல எத்தனையோ பேருக்கு வேலை போய்விடும் என்றார். ஆனால் கம்பெனிக் கதையை இப்போதெல்லாம் வீட்டில் பேசுவதில்லை.

காலையில் கல்லூரிக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு, ரோட்டைக் கடக்கும்வரை கூடவே வருகிறார். எப்போதும் என் வலதுபக்கம்தான். லாரி வந்தால் எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார். பக்கவாட்டில் எனக்கு நன்றாகவே தெரியும், போனது நடுவில்தான். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. "பாத்து வா பாப்பா" என்று கையை நீட்டுவார். நான் பிடித்துக்கொள்வேன்.