வலைக்கு அந்தப் பக்கம் ஒரு மைனா

வலை கட்டும் தொழிலில் வேலை முடிந்தது என்று ஒரு நேரமே கிடையாது. ஏணியை இறக்கி வண்டியில் போட்ட பிறகுதான் பயம் ஏறி உட்காரும். திருவனந்தபுரத்தில் பால்கனிக்கு, கிணற்றுக்கு, மீன்குளத்துக்கு, எதற்கு வலை வேண்டுமானாலும் பழவங்காடியில் எங்கள் கடைக்கு வருவார்கள். நானும் என்னோடு வேலை செய்யும் சசியும் போய்க் கட்டிக் கொடுப்போம். புறா வரக்கூடாது, காக்கா வரக்கூடாது, அணில் வரக்கூடாது என்பார்கள். வராமல் செய்துவிடலாம். ஏற்கெனவே வந்தது எதையாவது உள்ளே வைத்துக் கட்டிவிட்டோமா என்பதுதான் என் வியாதி. பூட்டிய கதவைத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவர்கள், கேஸை அணைத்தோமா என்று பஸ்ஸில் உட்கார்ந்து வேர்க்கிறவர்கள் எல்லோரும் என் கட்சிதான். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சுண்டுவிரல்

கரமனை ஆற்றங்கரைப் பக்கம் ஒரு வீட்டில் சின்ன மீன்குளம். கொக்கு வந்து மீனைக் கொத்துகிறது என்று வலை கேட்டார்கள். பெரிய கண்ணி வலையே போதும், அதுதான் விலை குறைவு என்றார் வீட்டுக்காரர். நானும் மறுத்துப் பேசாமல் கட்டிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் ஒரு சாரைப்பாம்பு, பாதி உடம்பு வலைக்கு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். முன்னால் போகப் போக நூல் இறுகி, தோல் அறுந்து கிடந்தது.

பாம்பை மீட்க வந்தது ஒரு பெண். ஈரத்துணியைப் போர்த்தி, நகம் வெட்டும் கத்தரியால் ஒவ்வொரு நூலாக அரை மணி நேரம் வெட்டினார். வாலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பாம்பென்றாலே காத தூரம் ஓடுகிற நான் அன்று பிடித்துக்கொண்டு நின்றேன். நான் கட்டிய வலையாயிற்றே, ஓட முகமில்லை. பாம்பைப் பையில் விட்டுவிட்டு, அந்த வலையின் ஒரு கண்ணிக்குள் என் சுண்டுவிரலை நுழைக்கச் சொன்னார். நுழைந்தது. "சேட்டா, உங்க சுண்டுவிரல் இதுல போகுதல்லே? எங்கில் பாம்போட தலையும் போகும். விரல் போகாத வலையா கெட்டிக் கொடுங்க."

மாமியின் கயிறு

வலியசாலை அக்ரகாரத்தில் ஒரு மாமி கிணற்றுக்கு வலை போடச் சொன்னார். சுண்டுவிரல் நுழையாத வலையாகக் கொண்டுபோய், விரலை வைத்தும் காட்டினேன். மாமி அசரவில்லை. என்றைக்காவது வலை கிழியும், அதன் வழியே அணில் விழும், விழுந்தது எப்படி ஏறி வரும் என்று கேட்டார். மாமியே பருமனான கயிறாகப் பார்த்து ஒரு தேங்காய்நார் வடத்தை எடுத்து வந்து, வலைக்கு அடியில் தண்ணீர் தொடும்படி தொங்கவிடச் சொன்னார். பிடித்துக்கொண்டு ஏறி, விளிம்பில் விட்ட சின்னச் சந்து வழியாக வெளியே வந்துவிடலாமாம்.

நல்ல யோசனைதான். ஆனால் முடிச்சு போட்டது நான். கயிறு நனைந்து கனத்து அவிழ்ந்துவிட்டால்? மறுநாள் போன் செய்து கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். நாலாம் நாள் மாமி சொன்னார்: "தெனம் கூப்ட்டு கயறு இருக்கான்னு விஜாரிக்கறேளே, அமெரிக்காவுல இருக்கற என் பிள்ளைகூட என்னை இப்படி விஜாரிச்சதில்லையாக்கும்!"

பறவையின் வக்கீல்

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சாலையை அகலமாக்க மரங்களை வெட்டிய பிறகுதான் எங்களுக்கு வேலை கூடியது. மரம் போனதும் பறவைகள் ஃபிளாட்டுக்கு வந்தன. பறவைகள் வந்ததும் ஆட்கள் எங்களிடம் வந்தார்கள். கோடையும் வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்குக் காக்காயும் மைனாவும் வரிசையில் நிற்கின்றன. அந்தக் குழாயை வலைபோட்டு மூடச் சொன்னார் ஒருவர். வலை வேண்டாம் சார், சன்ஷேடின் கோடியில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள், அங்கே குடித்துவிட்டுப் போய்விடும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க வலை கெட்ட வந்த ஆளாணோ, இல்ல பறவைக்கு வக்கீலாணோ?"

வேலை முடிந்த படம்

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் போனில் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்ப வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு நாள் காலை, முதல் மாடி ஃபிளாட் ஒன்றில் புறா வலை கட்டினோம். வீட்டுக்காரர் உண்ணி சார், மதிய ரயிலில் பெங்களூருக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். எங்களையும் விரட்டிக்கொண்டே இருந்தார். கடைசி ஹூக்கை மாட்டிவிட்டுக் கீழே வந்து போனை எடுத்தேன். வலைக்கு வெளியே கம்பியில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. படத்துக்கு அழகாக இருக்கும் என்று, அது பறப்பதற்குள் எடுத்தேன்.

மதியம் சாப்பிடும்போது அந்தப் படத்தை என் மனைவி கோமதியிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் நாகர்கோவில்காரி. எதையும் பெரிதாக்கிப் பார்க்காமல் விடமாட்டாள். போனை வாங்கி இரண்டு விரலால் விரித்தாள். பரிமாறிய கரண்டி அப்படியே நின்றது. "ஏங்க, இது வாயில வெட்டுக்கிளியக் கவ்விக்கிட்டுல்லா நிக்கி. திங்காம நிக்கின்னா குஞ்சுக்குக் கொண்டு வந்திருக்கு. குஞ்சு எங்க?"

ஏணியில் வந்த போன்

தட்டிலேயே கையைக் கழுவி எழுந்தேன். காலையில் அந்தப் பால்கனியில் ஏசி பெட்டிக்குப் பின்னால் கொஞ்சம் வைக்கோலும் பிளாஸ்டிக் நாரும் இருந்ததைப் பார்த்திருந்தேன்; குப்பை என்று விட்டுவிட்டேன். மேற்குப் பார்த்த பால்கனி. மூன்று மணிக்கு வெயில் நேரே அடிக்கும். உண்ணி சாரைக் கூப்பிட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. சசியை ஏணியோடு வரச்சொல்லி அந்த ஃபிளாட்டுக்கு ஓடினேன். இரண்டு மைனாக்கள் வலையில் மோதி மோதிக் கத்திக்கொண்டிருந்தன. வாட்ச்மேன் தங்கப்பன், ஓனர் சொல்லாமல் பூட்டிய வீட்டில் ஏணி வைக்க விடமாட்டேன் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஏறினால் திருட்டுப் பட்டம், ஏறாவிட்டால் அந்தக் குஞ்சுகள். உண்ணி சாரை ஏழு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். வெயில் பால்கனிச் சுவரில் ஏறிவிட்டது. கடைசியில், "நான் செய்வதை எல்லாம் உங்கள் போனில் வீடியோ எடுங்கள், தப்பென்றால் போலீசுக்குக் கொடுங்கள்" என்றேன். தங்கப்பன் ஒரு கையில் போனும் மறு கையில் ஏணியுமாக நின்றார்.

காலையில் நானே கட்டிய வலையை ஏசி பக்கம் ஒரு முழத்துக்கு வெட்டினேன். கூட்டில் மூன்று குஞ்சுகள். இரண்டு வாயைத் திறந்தன. மூன்றாவது திறக்கவில்லை. தொட்டுப் பார்த்தேன், தொட்டதும் தெரிந்துவிட்டது. ஏணியிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது பார்த்து உண்ணி சார் கூப்பிட்டார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வசவுக்குக் காத்திருந்தேன். ரயில் சத்தத்துக்கு நடுவே அவர் குரல்: "ஒரு மாசமா என்னை வெளுப்பிலே, விடியறதுக்கு முன்னே எழுப்பினது மைனாவாணோ? நான் புறாவையல்லே பழி சொன்னேன்! ஓட்டை அங்கயே இருக்கட்டும். ஒரு பாத்திரத்துல தண்ணி வெச்சிட்டு எறங்கணும், கேட்டோ."

பழைய படங்கள்

நாங்கள் கார் ஷெட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்றோம். கால் மணி நேரம் கழித்துத்தான் மைனா அந்த ஓட்டை வழியாக உள்ளே போனது. கடைக்குத் திரும்பும் வழியில், சசி வண்டியை ஓட்ட, நான் போனைத் திறந்தேன். இத்தனை வருஷத்தில் எடுத்த வேலை முடிந்த படங்கள், பால்கனி பால்கனியாக. ஒன்றில் கம்பியில் ஏதோ கறுப்பாக உட்கார்ந்திருந்தது. அதன்மேல் இரண்டு விரலை வைத்தேன். சசி வண்டியை ஓரம் கட்டி, என் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தான். "பெரிசாக்கிப் பார்க்கண்டா அண்ணே. பார்த்தா நாளைக்கு நமக்கு ஏணில ஏற முடியாது."

இப்போதெல்லாம் கடைசி ஹூக்கை மாட்டும் முன், வாயில் இரையோடு யாராவது வெளியே காத்திருக்கிறார்களா என்று கால் மணி நேரம் சும்மா நின்று பார்க்கிறேன். வேலை செய்யாமல் வானத்தைப் பார்க்கிறான் என்று வீட்டுக்காரர்கள் முதலாளியிடம் புகார் சொல்கிறார்கள், சொல்லட்டும்.