சசிரேகா போட்ட பதினோரு கையெழுத்து

சசிரேகாவைப் பற்றி யாராவது என்னிடம் தப்பாகப் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அவள் தப்பு செய்யாதவள் என்பதால் அல்ல. செய்தாள். என் கண் முன்னால், என் கடை மேஜையில், என்னிடமே பேனா வாங்கிச் செய்தாள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற ஸ்ரீகாந்த் நான்தான். பட்டா நகல், ஆதார் திருத்தம், ஆபீசுக்குப் போகிற மனு எல்லாம் இங்கேதான் ஆகும். என் வாய்க்குப் பயந்து ஆட்கள் சில்லறையைக்கூடச் சரியாகக் கொண்டுவருவார்கள். அப்படிப்பட்டவன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

திருப்புலிவனம் தாண்டி ஒரு சின்ன ஊரில் சசிரேகாவின் வீடு. பத்தாவது பாஸ். புருஷன் கலைச்செல்வன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன், வருஷத்தில் பாதி நாள் வெளியூர். முதலில் அவள் நூறு நாள் வேலையில் பொறுப்பாளராக இருந்தாள். வந்தவர்கள் பெயரை எழுதி, ஆளாளுக்குக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தத் தெருவில் பாதிப் பெண்கள் கைநாட்டு. மை டப்பா காய்ந்து கிடக்கும். ஒருத்தி குழந்தைக்குக் காய்ச்சல் என்று நேரம் கழித்து வருவாள், இன்னொருத்தி மண்வெட்டியைக் கீழே வைக்க மாட்டாள். அதனால் எல்லாக் கையெழுத்தையும் சசிரேகாவே போட்டுவிடுவாள். ஒருத்திக்குச் சாய்ந்த எழுத்து, ஒருத்திக்குக் கொட்டை எழுத்து என்று வகை வைத்திருந்தாள். போடாமல் போனால்தான் வசவு விழும், பெரிய ஆளாகிவிட்டாயா என்று. வேலை செய்தது நிஜம், கையெழுத்தை யார் போட்டால் என்ன என்பது அந்தத் தெருவின் நியாயம்.

பிறகு ஒரகடம் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றிலிருந்து எங்கள் பக்கம் வேன் வர ஆரம்பித்தது. பெயர் வேண்டாம், அப்புறம் என் மேலும் கேஸ் போடுவார்கள். முதலில் சசிரேகா போனாள். அடுத்த வருஷம் தெருவிலிருந்து பதினோரு பெண்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அதில் பக்கத்து வீட்டு ராணியம்மாளும் ஒருத்தி. குத்தகை நிலம் பார்க்கும் பச்சமுத்துவின் மனைவி. சசிரேகாவின் இரண்டாவது பிரசவத்துக்கு ஒரு மாதம் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டவள் அவள்தான். இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய்.

கொரோனாவில் மூடிய கம்பெனி 2020 ஜூன் மாதம் திறந்தது. கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் தினேஷ்குமார், ஒரு சனிக்கிழமை மத்தியானம் சசிரேகாவிடம் ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். திங்கட்கிழமைக்குள் பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை என்றால் வேன் நிற்காது. அவள் பதினோரு நகல் எடுக்க என் கடைக்கு வந்தாள். இரண்டு பக்கம் இங்கிலீஷ். வாசித்து அர்த்தம் சொன்னேன்: என் சொந்த விருப்பத்தில் வேலைக்கு வருகிறேன், நோய் வந்தாலோ செத்தாலோ கம்பெனி பொறுப்பில்லை, நானோ என் வாரிசுகளோ கோர்ட்டுக்குப் போக மாட்டோம்.

"நோவு வந்தா அவங்க பொறுப்பில்லியாம், அவ்ளோதானே சார்," என்றாள். "மூணு மாசமா வெறும் ரேஷன் அரிசியத் துன்னுகினு கீறாளுங்க. எதுல போடச் சொன்னாலும் போடுவாளுங்க."

உட்கார்ந்தாள். பழக்கம். நூறு நாள் வேலை நோட்டில் போட்ட மாதிரியே பதினோரு பெயரையும் பதினோரு விதமாகப் போட்டாள். எல்லாம் ஒரே மையில் இருந்தால் நன்றாக இருக்காது என்று கறுப்புப் பேனா ஒன்றும் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன், முட்டாள். ஒவ்வொன்றின் அடியிலும் சாட்சி என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

ஜூலைக் கடைசியில் அவர்கள் வேலை செய்த வரிசையிலேயே இரண்டு பேருக்கு இருமல். வரிசையை நிறுத்தவில்லை. அடுத்த வாரம் ராணியம்மாள் படுத்தாள், ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்தாள். உடம்பை ஊருக்குக் கொண்டுவரவே இல்லை. பச்சமுத்து மட்டும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

நஷ்டஈடு கேட்டு அவர் போட்ட மனுவை டைப் செய்தவன் நான். காஞ்சிபுரத்தில் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் விசாரணை. கம்பெனி வக்கீல் அந்தப் படிவத்தை எடுத்து வைத்தார். என் மனைவி கைநாட்டு, ரேஷன் கடையில்கூடப் பெயர் எழுதியதில்லை என்றார் பச்சமுத்து. கம்பெனிக்காரர்களே போட்டுக்கொண்டார்கள் என்றுதான் அந்த மனுஷன் நம்பியிருந்தார். அடுத்த வாய்தாவுக்கு வக்கீல் நூறு நாள் வேலை நோட்டின் மூன்று வருஷ நகலோடு வந்தார். அதில் ராணியம்மாள் என்று அழகாகக் கையெழுத்து. படிவத்தில் இருப்பதும் அச்சாக அதே எழுத்து. இருக்காதா பின்னே? இரண்டும் ஒரே கை. அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சாட்சி சசிரேகாவை அழைத்து வரச் சொன்னார்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். நிஜத்தைச் சொன்னால் கள்ளக் கையெழுத்துக் கேஸ், வேலை போகும், நூறு நாள் நோட்டு முழுக்கக் கிளறப்படும், தெருவே மாட்டும். சொல்லாவிட்டால் தனக்குச் சோறு ஆக்கிப் போட்டவளின் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காது. தினேஷ்குமார் வீட்டுக்கே வந்து, ராணியம்மாள் போட்டாள், நீ பார்த்தாய், அதை மட்டும் சொன்னால் போதும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். மற்ற பத்துப் பெண்களும் எங்களை இழுத்துவிடாதே என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார்கள். இதையெல்லாம்கூட அவள் தாங்கியிருப்பாள். தினமும் காலையில் குழாயடியில் பச்சமுத்து சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. கூடவே இருந்தவள் நீ, நீ சொன்னால் போதும் சசி என்பாராம்.

"நீங்க பாத்தீங்களே சார். நான் ஏமாத்தணும்னா போட்டேன்?" என்று கேட்டாள்.

என்னை இதில் இழுக்காதே என்று எரிந்து விழுந்தேன். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நோட்டீஸை மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு போய்விட்டாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விசாரணை அன்று, மெஷினுக்கு மை வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு நானும் காஞ்சிபுரம் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அதிகாரி படிவத்தைக் காட்டி, இது யார் போட்டது என்று கேட்டார்.

"நான்தான் சார் போட்டேன்," என்றாள் சசிரேகா. "அந்த நூறு நாளு நோட்டுல கீறதும் நான் போட்டதுதான். ராணியக்காவுக்கு எயுத வராது. இந்தக் காயிதத்த அவுங்க கண்ணாலகூட பாக்கல."

பச்சமுத்து தலையைக் குனிந்துகொண்டார். தோற்றுவிட்டோம் என்று கம்பெனி வக்கீல் மூஞ்சி சுருங்கும் என்று பார்த்தேன். அந்த ஆள் நிதானமாக எழுந்தார். அப்படியானால் கம்பெனியும் ஏமாற்றப்பட்டிருக்கிறது, தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டியதைத் தெரிவிக்காமல் மறைத்தது இந்த அம்மாள், பொறுப்பு இவருடையது என்றார். அடப்பாவி! ஒரு நிமிஷத்தில் ஆளை மாற்றிவிட்டார்.

அன்று சாயங்காலமே சசிரேகாவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பத்துப் பெண்களைக் கம்பெனி வாசலில் நிற்க வைத்துப் புதுப் படிவத்தில் அவரவர் கையாலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கைநாட்டுக்காரிகளுக்கு மை டப்பாவும் தயாராக இருந்ததாம். அவர்கள் அதற்குப் பிறகு அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பத்து நாள் கழித்துப் பச்சமுத்து என் கடைக்கு வந்தார். சசிரேகாவையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கவில்லை என்றால் கேஸ் நிற்காது என்று அவருடைய வக்கீல் சொல்லிவிட்டாராம், மனு டைப் செய்ய வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் மேஜையைத் தட்டிக் கத்தினேன். உனக்காக நிஜத்தைச் சொன்னவள் மேலேயே கேஸா, மனுஷனா நீ என்றேன்.

"தெரியும் சார்," என்றார். "அவ சொல்லலன்னா கேஸே கெடையாது. சொன்னதால அவ மேலயும் போட்டாத்தான் நிக்கும்ன்றாங்க. என்னிய இன்னா பண்ணச் சொல்ற?"

டைப் செய்தேன். எதிர்மனுதாரர் மூன்று, சசிரேகா, கணவர் பெயர் கலைச்செல்வன்.

இரண்டாவது அலை வந்து, மறுபடி எல்லாம் மூடி, 2021 ஜூலையில் மறுபடி திறந்தது. சசிரேகா வாய்தா நோட்டீஸை நகல் எடுக்க என் கடையில் நின்றுகொண்டிருந்தாள். பச்சமுத்துவின் மகள் ஜெயப்பிரியா உள்ளே வந்தாள். பிளஸ் டூ முடித்திருந்தாள். கையில் இரண்டு பக்கம் இங்கிலீஷ், வேறொரு கம்பெனி, வாலாஜாபாத் பக்கமிருந்து வரும் வேன். ஆதார் நகலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டுமாம்.

நின்றபடியே ஒரு வரி விடாமல் படித்தாள். புரியாத ஒரு வார்த்தைக்கு என்னிடம் அர்த்தம் கேட்டாள், சொன்னேன். பேனாவை எடுத்தாள்.

"வேணாண்டி," என்றாள் சசிரேகா. "அதுல இன்னா எயுதிகீதுன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் சித்தி," என்றாள் அந்தப் பெண். "அம்மாவுக்கு நீ படிச்சிக் காட்டியிருந்தாலும் அம்மா போட்டிருக்கும். வேற இன்னா பண்ணும்?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னாள். கையெழுத்தைப் போட்டு, ஆதார் நகலை அதோடு சேர்த்துப் பின் குத்திக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சசிரேகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ராணியம்மாள் செத்தபோதுகூட அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் அவளுடைய நோட்டீஸை மெஷினில் வைத்தேன். அடுத்த வாய்தா ஆகஸ்ட் பதினெட்டு, காலை பத்து மணி. அந்த நேரத்துக்குள் காஞ்சிபுரம் போய்ச் சேர அவர்கள் ஊரிலிருந்து ஒரே ஒரு பஸ்தான் இருக்கிறது, பச்சமுத்துவும் அதில்தான் வருவார்.