பொகவந்தலாவைப் பாதையில் வெடித்த குழாய்

அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளாமல் இருந்த காலத்தில் இருவருக்கும் நடுவே தூது போனவள் நான். எனக்கு அப்போது எட்டு வயது. "உங்கப்பாகிட்ட சொல்லு, அரிசி தீந்திருச்சுன்னு" என்பாள் அம்மா. அப்பா அதே அறையில், கை எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். நான் அவர் பக்கம் திரும்பி, "அரிசி தீந்திருச்சாம்" என்பேன். "வாங்கியாறேன்னு சொல்லு" என்பார். அதையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். நான் ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் இந்தக் குடும்பமே நின்றுபோகும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

சண்டைக்குக் காரணம் ஒரு வேன். வட்டவளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. அம்மா கொழுந்து பறித்தாள். மீதி நேரத்தில் இரண்டு பசு வளர்த்தாள். அப்பா நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் டிரைவர். சுற்றுலா வந்தவர்களை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, தனக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை அவருக்குள் முற்றிப்போயிருந்தது. ஒருநாள் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தபோது கொட்டகையில் பசுக்களைக் காணோம். வாசலில் ஒரு பழைய வேன் நின்றது. உள்ளே மடக்குக் கட்டில், குட்டி அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, முகம் கழுவ ஒரு தொட்டி. காலால் ஒரு கட்டையை மிதித்தால் தொட்டிக்கு மேலே வளைந்து நின்ற வெள்ளிக் குழாயில் தண்ணீர் வரும். அந்தக் குழாயை அப்பா லயத்தில் எல்லாருக்கும் மிதித்துக் காட்டினார்.

"வெள்ளைக்காரங்க வாடகைக்கு எடுப்பாங்க. இதுக்குள்ளயே தூங்குவாங்க, சமைப்பாங்க" என்று அம்மாவுக்கு விளக்கினார்.

"ஏன், அவங்களுக்கு வீடு இல்லையா?" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அவள் அவரிடம் நேராக ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெள்ளைக்காரர் யாரும் வரவும் இல்லை. மழையில் வேன் நனைந்தது. அம்மா அதைச் சுற்றிக்கொண்டு போய்த் துணி காயப்போட்டாள்.

பொகவந்தலாவையைத் தாண்டி இருக்கும் தோட்டத்தில் மாமா வீடு. மாமா அம்மாவின் தம்பி. அவர் மகளுக்குச் சடங்கு வைத்தபோதுதான் அம்மா முதன்முதலாக அந்த வேனில் ஏறினாள். அத்தைதான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். இருக்கும் ஒரே அத்தை அம்மா. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பினால் நல்ல நேரம் போய்விடும். "உங்கப்பாகிட்ட சொல்லு, வேன்லயே போகலாம்னு" என்று என்னிடம் சொன்னபோது அவள் முகம் கசப்பு மருந்து குடித்தவள் முகம் போல இருந்தது. பட்டுச் சேலை கட்டி, தட்டு வரிசையை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் கட்டிலின் ஓரத்தில் ஏதோ தெரியாதவர் வீட்டில் உட்காருவதுபோல உட்கார்ந்தாள். முன் சீட் எனக்குக் கிடைத்தது.

நோர்வூட் தாண்டி ஒரு ஏற்றத்தில் வண்டிக்குள் புளித்த இனிப்பு வாடை அடித்தது. அடுத்த வளைவில் சீட்டுக்கு அடியில் 'டொப்' என்று ஒரு சத்தம். புகை என்று நினைத்து நான் அலறினேன். புகையல்ல, ஆவி. அப்பா வண்டியை ஓரங்கட்டினார். என்னை இறக்கிவிட்டு, சீட்டைத் தூக்கினார். அதற்கு அடியில்தான் எஞ்சின். ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ரப்பர் குழாய் நடுவில் வாய் பிளந்து கிடந்தது.

அம்மா தட்டு வரிசையோடு இறங்கி, பாதையோரக் கல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எதிரே மண்மேட்டிலிருந்து மூங்கிலைப் பிளந்து வைத்த பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பாதையில் ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு பஸ் வந்தது. படியில் தொங்கியவர்கள் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டபடியே போனார்கள்.

"உங்கப்பாகிட்ட கேளு, எவ்வளவு நேரமாகும்னு."

கேட்டேன்.

"சூடு ஆறணும். ஆறினாத்தான் கை வைக்கலாம்னு சொல்லு."

சொன்னேன். அம்மா வளையலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்த வளையல் சத்தம்தான் அப்பாவை அவசரப்படுத்தியிருக்க வேண்டும். அவருக்கு எல்லாவற்றுக்கும் இடது கைதான். துணியைச் சுற்றி இடது கையால் ரேடியேட்டர் மூடியைப் பிடித்தார்.

அம்மா எப்போது திரும்பினாள் என்று தெரியாது. "ஏங்க! கைய எடுங்க, சூடு!" என்று கத்தினாள்.

அதற்குள் மூடி பறந்துவிட்டது. கொதிநீர் சீறி அப்பாவின் கைமேல் விழுந்தது. அவர் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாதையிலேயே குந்திவிட்டார். அம்மா தட்டு வரிசையை என் கையில் திணித்துவிட்டு ஓடிவந்தாள். அவர் மற்றக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சுட்ட கையைப் பீலிக்கு அடியில் நீட்டிப் பிடித்தாள். பட்டுச் சேலையின் முன்பக்கமெல்லாம் நனைந்தது.

"ஆறணும்னு நீங்கதானே சொன்னீங்க? புத்தி எங்க போச்சு? கண்ணுல பட்டிருந்தா?"

திட்டிக்கொண்டே இருந்தாள். கையை விடவில்லை. மாதக்கணக்கில் என் வழியாகப் போயிருக்க வேண்டிய அத்தனையும் நேராகவே போய்க்கொண்டிருந்தது. பெரிய சண்டை வந்துவிட்டது என்று பயந்து நான் அழுதேன். அப்பாவோ, தோல் சிவந்து கொப்புளம் எழும்பிய கையோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். சூட்டில் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இன்னும் அழுதேன்.

அதன்பின் வேலையை அப்பா சொல்லச் சொல்ல அம்மா செய்தாள். பிளந்த இடத்தை வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் இரண்டு முனைக்கும் நடுவே கோர்க்க ஓர் உலோகக் குழாய்த் துண்டு வேண்டும். அப்பா சாமான் பெட்டியைக் கிளறினார். கிடைக்கவில்லை. பிறகு வேனுக்குள் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். அம்மா அதைக் கவனித்துவிட்டாள். உள்ளே ஏறி, தொட்டிக்கு மேலிருந்த வெள்ளிக் குழாயைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"இது சரியா வருமாங்க?"

அப்பா அதைக் கையில் வாங்கி, ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வரும்" என்றார்.

"வெட்டிருவோம். வேற குழா வாங்கிப் போட்டுக்கலாம்."

இரும்பு அறுக்கும் பிளேடால் அம்மா அறுத்தாள். அப்பா ஒற்றைக் கையால் குழாயை அழுத்திப் பிடித்தார். நேரான துண்டை ரப்பர் முனைகளுக்குள் செருகி, ஒரு பக்கம் கிளிப்பும் மறுபக்கம் கட்டுக்கம்பியும் போட்டு முறுக்கினாள். "இன்னும் முறுக்கு புள்ள. போதும், போதும், அறுந்துரும்." நான் பீலியிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்தேன். நன்றாக ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். எஞ்சினைப் போட்டு, மூன்று பேரும் தலையைக் குனிந்து பார்த்தோம். கம்பி கட்டிய பக்கம் ஒரு சொட்டு நின்றது. விழவில்லை.

சுட்ட கைக்கு அம்மா ஈரத் துணி சுற்றினாள். அந்தக் கையால் கியர் போட முடியாது. "பாப்பா, நீ பின்னால போ" என்று என்னை அனுப்பிவிட்டு அம்மா முன்னால் ஏறினாள். அப்பா கிளச்சை மிதித்து "ஒண்ணு" என்பார். அம்மா இரண்டு கையாலும் கியர்த் தடியைத் தள்ளுவாள். முதல் தடவை வண்டி கழுதை மாதிரிக் கத்தியது. இரண்டு பேரும் சிரித்தார்கள். பொகவந்தலாவைக் கடைவீதியைத் தாண்டும்போது அப்பா சொல்லாமலே அம்மா கியர் மாற்றும் அளவுக்கு வந்துவிட்டாள்.

நல்ல நேரம் போய்விட்டிருந்தது. மாமா ஐயரைக் கெஞ்சி இன்னொரு நல்ல நேரம் கண்டுபிடித்து வைத்திருந்தார். விரலிடுக்கில் கரியும் எண்ணெயுமாக அம்மா முதல் தண்ணீரை ஊற்றினாள். "என்ன அண்ணி, கை இப்பிடி?" என்று மாமி கேட்டதற்கு, "எங்க வேன்ல வந்தோம்" என்றாள். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் யாரும் எதையும் சொல்லி அனுப்பவில்லை. வாசலில் போய் நின்றுகூடப் பார்த்தேன்.

கார்த்திகைத் திருநாளுக்கு அட்டன் கோயிலுக்கு அதே வேனில் போனோம். அப்பாவின் கை ஆறி, தோல் உரிந்து, புதுத் தோலும் வந்துவிட்டது. அன்று காலைகூட அந்தக் கையால்தான் விறகு பிளந்தார். நான் முன் சீட்டுக்கு ஓடினேன். அம்மா எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்து, கியர்த் தடிமேல் கை வைத்திருந்தாள். வண்டி லயத்து வாசலைத் தாண்டியது.

"ரெண்டு" என்றார் அப்பா. அம்மா போட்டாள்.

நான் பின்னாலிருந்து, "அப்பாவுக்குத்தான் கை சரியாயிருச்சே!" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. "மூணு" என்றார் அப்பா. எஞ்சின் சத்தத்தில் காதில் விழவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டு, நான் அதையே இன்னும் உரக்கச் சொன்னேன்.