வாயில் பறியோடு ஜெபம்

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கப் போன முதல் நாளே, பிடித்ததையெல்லாம் ஏரிக்குத் திருப்பிக் கொடுத்தவள் நான். காரணம், பாட்டு.

இதை எழுதச் சொன்னது எங்கள் பாஸ்டர் அம்மா. "எஸ்தர் அக்கா, வேலையில ஆண்டவர் கூட இருந்தத நம்ம வாலிபப் பொண்ணுங்களுக்கு எழுதிக் குடுங்க" என்றார். இப்போது எனக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. தண்ணீரில் இறங்குவதில்லை. கரையில் உட்கார்ந்து இறாலைத் தரம் பிரிக்கிறேன். அதனால் எழுத ஒத்துக்கொண்டேன்.

வாயைக் கட்டிய வேலை

தெரியாதவர்களுக்காக எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வலை கிடையாது, படகு கிடையாது. பெண்கள் வரிசையாக இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முழங்கால் போட்டு, கழுத்து வரை நனைந்துகொண்டு சேற்றைத் தடவுவோம். கால் பட்ட குழியில் இறால் வந்து ஒதுங்கும். அதை இரண்டு கையாலும் பிடித்துப் பறியில் போடவேண்டும். பறி என்பது ஓலையில் முடைந்த கூடை. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வோம். கரையேறும் வரை வாயைத் திறக்க முடியாது.

நான் சபையில் சத்தமாகப் பாடுகிறவள். சத்தமாக ஜெபிக்கிறவளும்தான். கூரை அதிர ஜெபித்தால்தான் ஜெபம் என்று அந்த வயதில் நினைப்பு. முதல் நாள் பறி நிறைந்ததும் சந்தோஷம் தாங்காமல் ஒரு பாட்டை எடுத்துவிட்டேன். முதல் அடிக்கே பறி கவிழ்ந்தது.

பக்கத்தில் இருந்த முனியம்மா தன் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு என் வயதுதான். ஏரியில் இறங்கும்போது கங்கையம்மாவைக் கும்பிட்டுத் தண்ணீரைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

"இன்னாத்துக்குமே இப்டி கத்திக்கினு கீறே? உங்க சாமிக்குக் காது மந்தமா?"

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். ஆனாலும் அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டது. மறுநாள் முதல் பறியைக் கடித்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே பேச ஆரம்பித்தேன். முதலில் ஜெபம் மாதிரியே இல்லை. தண்ணீர் குளிர்கிறது ஆண்டவரே, விரல் எரிகிறது ஆண்டவரே, இந்தக் கெளுத்தி முள் என் காலில்தான் குத்தவேண்டுமா ஆண்டவரே என்று ஒரே முறையீடு. நாளாக ஆக, பக்கத்தில் நிற்பவரிடம் பேசுகிற பேச்சாக அது மாறியது. ஆமென் என்று முடிக்கவும் மறந்துபோவேன்.

தலை போன சரக்கு

என் கைக்கு அவசரம் அதிகம். இறால் மாட்டியதும் கபக்கென்று அமுக்குவேன். பாதிக்குத் தலை பிய்ந்துவிடும். ஆரம்பாக்கத்தில் இருந்து வேனில் வந்து சரக்கு எடுக்கிற ஏஜென்ட் தினமும் கத்துவார்.

"இன்னாம்மா எஸ்தரு, தலை போன சரக்காவே கொண்டாந்துகீறே? கம்பெனில மூஞ்சில வீசுவான்."

"வீசினா புட்ச்சிக்க. தண்ணில எறங்கிப் பாரு, அப்போ தெரியும்" என்று நானும் விடமாட்டேன்.

முனியம்மா சமாதானம் செய்து வைப்பாள். "கைய மெல்ல வைமே. ரெண்டு பக்கத்துலேந்தும் தடவிக்கினே போ. ஓடற பஸ்ஸையா புடிக்கப் போறே?" என்பாள். கேட்டுக்கொள்வேன். பத்து நிமிஷத்தில் பழையபடி அமுக்குவேன்.

பள்ளம்

சில வருஷத்துக்கு முன், மழை முடிந்து முகத்துவாரம் திறந்து கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறியிருந்தது. தோணிரேவுக்கு அந்தப் பக்கம் இறால் குவிந்து கிடக்கிறது என்று பேச்சு. காலையிலேயே நாங்கள் இறங்கினோம்.

படகுக்காரர்கள் கழி ஊன்றி ஆழம் பார்ப்பார்கள். எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஏரியின் தரை எங்கள் பாதத்துக்கே மனப்பாடம் என்று ஒரு தெம்பு. அன்று அந்தத் தெம்புதான் மோசம் செய்தது. கோடையில் ஏரி வற்றிக் கிடந்தபோது யாரோ ஜேசிபி வைத்து மண் அள்ளியிருக்கிறார்கள். தண்ணீர் ஏறியபின் பள்ளம் மேலே தெரியவில்லை.

எனக்கு வலது பக்கம் முனியம்மா தடவிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தேன். அவள் பறி மட்டும் மிதந்தது.

எங்களில் நீச்சல் தெரிந்தவர்கள் குறைவு. தரையைப் பிடித்துச் செய்கிற வேலைதானே இது. பறியைத் துப்பிவிட்டு "இயேசுவே" என்று கத்தினேன். "இயே" வரைக்கும்தான் வந்தது. அதற்குள் கால் சரிந்து வாய்க்குள் தண்ணீர் போய்விட்டது. பின்னால் வந்த செல்வி என் புடவையை எட்டிப் பிடித்தாள். அவளை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

பள்ளத்துக்குள் தலையை விட்டேன். கண்ணைத் திறந்தால் சேறுதான். அவளுக்குப் புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள் என்பது மட்டும் தலைக்குள் ஓடியது. கையைக் காலை அடித்துத் துழாவத்தான் என் புத்தி சொன்னது. ஆனால் கை கேட்கவில்லை. அது பாட்டுக்கு மெதுவாக, இரண்டு பக்கத்தில் இருந்தும் தடவிக்கொண்டே போனது. முதலில் துணி தட்டுப்பட்டது. இழுக்காமல் இன்னும் தடவினேன். தோள் வந்தது. பிறகு கூந்தல். அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தேன். செல்வி இழுத்துவிட்டாள்.

கரையில் போட்டபோது முனியம்மாவிடம் அசைவில்லை. செல்வி அவளைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். தண்ணீர் வந்தது, கூடவே ஒரு சின்ன முனகலும் வந்தது. சரக்கு எடுக்கக் கரையில் காத்திருந்த ஏஜென்ட், வேனில் இருந்த ஐஸ் பாக்ஸை எல்லாம் மணலில் இறக்கிக் கொட்டினார். "எறாலு நாளிக்கும் வரும். மொதல்ல இந்தம்மாவ ஏத்துங்க" என்று அவரே ஓட்டினார். அந்த ஆளை அதற்குப் பிறகு நான் எதிர்த்துப் பேசியதில்லை. கொஞ்சம்தான் பேசியிருக்கிறேன்.

வேனில் முனியம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வசனமும் வாயில் வரவில்லை. பயம் இருந்தது, அழுகை இருந்தது. ஆனால் தனியாக இருக்கிறேன் என்று மட்டும் தோன்றவில்லை. மீன் கவிச்சி அடிக்கிற அந்த நெருக்கடியில் ஆண்டவரும் எங்களோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்படி எழுதினால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு அது தெரிந்தது.

ஆஸ்பத்திரியில்

மறுநாள் முனியம்மா கண்ணைத் திறந்து பேசினாள். அவளுடைய பெண்கள் இரண்டு பேரும் கட்டில் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். நான் பன்னும் டீயும் வாங்கிப்போனேன்.

"உள்ள போனதும் முடிஞ்சிதுனு நென்ச்சேன்மே" என்றாள். "அப்போ ஒரு கை வந்துச்சு. மெல்லமா தடவிக்கினே வந்துச்சு. அத்தொட்டு பயம் உட்டுப்போச்சு. யாரு கைமே அது?"

கர்த்தருடைய கை என்று சொல்லிவிடலாம், நல்ல சாட்சியாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் ஆசை வந்தது. ஆனால் உயிர் பிழைத்தவளிடம் அலங்காரம் பேசக் கூடாது.

"என் கைதாண்டி" என்றேன்.

அவள் என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலெல்லாம் வெட்டு, நகமெல்லாம் சேறு. பிறகு தலையை ஆட்டினாள்.

"போமே. இன்னிக்கி நேத்தா உன்னப் பாக்கறேன்? உனுக்கு ஏது அவ்ளோ பொறுமை?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பன்னைப் பிய்த்து டீயில் நனைத்து அவள் வாயில் வைத்தேன்.

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். ஆண்டவரே இறங்கி வாரும் என்று இப்போது நான் கூப்பிடுவதில்லை. வந்து வேலை செய்துகொண்டிருப்பவரை வா என்று கூப்பிட்டால் அவர் என்ன நினைப்பார்? காலையில் இறால் கூடைக்குள் கையை விடும்போது, நீர் முன்னால் போம், நான் பின்னால் வருகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.