பெடல் வேலை செய்யாத கணினி

வடக்கே ஏரவாடாவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. கணவர் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். மனைவியைக் கட்டடத்துத் தமிழர்கள் எல்லோரும் அக்கா என்றே அழைத்தோம். கராடியில் ஓர் அலுவலகத்தில் அவருக்கு வேலை. அமெரிக்காவில் மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்த பிறகு வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்பும் குறிப்புகளைக் காதில் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்து தர வேண்டும். ஆங்கிலத்தில் பேச அக்கா கூசுவார். ஆனால் மருந்தின் பெயர்களையும் நோய்களின் பெயர்களையும் எழுத்துப் பிசகாமல் அடிப்பார்.

ஆறு வயது மகளுக்கு வலிப்பு வரத் தொடங்கியதும் அந்த வேலை நின்றது. பள்ளியிலிருந்து இரண்டு முறை அலுவலகத்துக்கு ஃபோன் வந்தது. இரண்டு முறையும் அக்கா கராடியிலிருந்து பஸ் மாறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையை யாராவது ஒருவர் கண்பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மருந்துச் செலவோடு ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நகராது என்பதும் உறுதியாகத் தெரிந்தது. அப்போதுதான் கம்பெனி ஒரு வழி சொன்னது. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். கணினியும் இன்டர்நெட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் மூன்று பதிவுகளைச் சோதனையாக அடித்து அனுப்ப வேண்டும், வேகமும் பிழையின்மையும் சரியாக இருந்தால் வீட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள். தேறாவிட்டால் மறுபடி அலுவலகம்தான். அப்படி ஆனால் குழந்தையைக் குடியாத்தத்தில் அக்காவின் தங்கை வீட்டில் விட்டுவிடுவது என்று கணவனும் மனைவியும் பேசி முடித்திருந்தார்கள்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. நான் சமூகவியலில் முதுகலை முடித்து ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். எங்கள் அலுவலகத்தில் கணினியைத் திறந்து தூசு தட்டத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால், கட்டடத்தில் எனக்குக் கணினி தெரிந்தவள் என்ற பெயர் வந்துவிட்டது. அக்கா மேலே ஏறி வந்து என்னிடம் ஒரு தாளை நீட்டினார். வீட்டுக் கணினியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கம்பெனி அச்சிட்டுக் கொடுத்திருந்த தாள்.

"எனக்கு அடிக்கத்தாம்மா தெரியும். பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது. நீ பாத்து எது சொல்றியோ அதான்."

அன்று நான் நியாயமாகச் செய்த காரியங்களும் உண்டு. விலை கூடிய பிராண்டுப் பெட்டி வேண்டாம் என்றேன். மின்வெட்டு நேரத்தில் பாதி அடித்தது போய்விடக் கூடாது என்று யு.பி.எஸ். கட்டாயம் என்றேன். திரை சிறியதாக இருந்தால் போதும், நாற்காலி மட்டும் முதுகு சாயும்படி இருக்கட்டும் என்றேன். இவற்றையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை இருவரும் திலக் சாலைக்குப் போனோம். குழந்தை அப்பாவோடு வீட்டில் இருந்தது. கிளம்பும்போது அவர் கதவில் சாய்ந்துகொண்டு, "ஒரு பெட்டி வாங்கறதுக்கு ரெண்டு பேரும் மாநாடு நடத்துறீங்க. நாங்க கல்யாணத்துக்கே இவ்ளோ யோசிக்கல" என்றார்.

"யோசிச்சிருக்கணும்" என்று அக்கா சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

கடைக்காரர் நல்ல மனிதர். எங்கள் காகிதத்தை வாங்கிப் பார்த்து, உதிரிப் பாகங்களைச் சேர்த்து மூன்றே நாளில் புதிய கணினி ஒன்று கட்டித் தருவதாகச் சொன்னார். "விண்டோஸ் ஃபுகட் மே டால் தூங்கா, தாயி" என்றார்.

என்னைவிட அக்காவுக்கு ஹிந்தி நன்றாக வரும். "விண்டோஸ சும்மாவே போட்டுக் குடுக்கறேன்றார்மா. நல்லதுதானே?"

"சும்மான்னா திருட்டு காப்பிக்கா. ஒருத்தர் உழைச்சுச் செஞ்சதைக் காசு குடுக்காம எடுத்துக்கறது."

"திருட்டா? வெளக்கு போட்டு போர்டு மாட்டி உக்காந்திருக்காரு?"

கடைக்காரருக்குத் தமிழ் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உரிமம் பெற்றுப் போட்டால் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்ன விலை எங்கள் மொத்தத் திட்டத்தையே விழுங்கிவிடும். நாளைக்குக் கம்பெனியிலிருந்து வந்து பார்த்தால் அக்காவுக்குத்தான் சிக்கல் என்று சொன்னேன். அக்காவின் முகம் மாறியது. கம்பெனி யார் வீட்டுக்கும் வந்து பார்த்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்தப் பயத்தை அவருக்குள் ஏற்றியது நான்தான். என் கொள்கைக்கு அவரிடமிருந்து ஒரு சம்மதம் எனக்கு வேண்டியிருந்தது.

எங்கள் நிறுவனத்துக்குத் தெரிந்த ஓர் இடத்தில், அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளைச் சரிசெய்து விற்றார்கள். புதிதின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான். குப்பைக்குப் போக வேண்டிய பொருள் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும். விண்டோஸுக்குப் பதிலாக, யாரும் இலவசமாகவும் சட்டப்படியும் பயன்படுத்தக்கூடிய லினக்ஸை அதில் போட்டுத் தருவார்கள். மலிவு, நேர்மை, மறுபயன்பாடு என்று மூன்றும் ஒரே பெட்டியில் அமைந்ததில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது. கம்பெனி கொடுத்த தாளில் மூன்றாவது வரியில் விண்டோஸ் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. படித்தேன். எல்லோரும் பழக்கத்தால் எழுதுவது, எப்படியும் ஓடவைத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டேன். தாளின் அடியில் தொலைபேசி எண் இருந்தது. கேட்டிருக்கலாம்.

அங்கே வாங்கிய, மஞ்சள் பாரித்த பெட்டியை அக்கா வீட்டு மேசையில் வைத்து இயக்கிக் காட்டினேன். அக்கா சிறிது நேரம் திரையைப் பார்த்தார். அவர் அலுவலகத்தில் பார்த்த எதுவும் அதில் இல்லை.

"எப்படிக்கா இருக்கு?"

"பரவால்லம்மா."

தமிழில் அந்த ஒரு சொல் இரண்டு வேலை செய்கிறது. பொருள் மோசமில்லை என்று மெச்சவும் அதைத்தான் சொல்கிறோம். போகட்டும், நான் பொறுத்துக்கொள்கிறேன் என்று விட்டுக்கொடுக்கவும் அதையே சொல்கிறோம். குரலைக் கேட்டுத்தான் பிரித்தறிய வேண்டும். நான் சொல்லை மட்டும் கேட்டுவிட்டு, பொருள் நன்றாயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். அந்த வாரக் கூட்டத்தில் எங்கள் நிறுவனத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். கை தட்டினார்கள். செய்தி மடலுக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதியும் கொடுத்தேன்.

கம்பெனி அக்காவிடம் ஒரு பையில் குறுந்தகடு ஒன்றும் பெடல் ஒன்றும் கொடுத்திருந்தது. பெடலைக் காலடியில் வைத்து மிதித்தால் மருத்துவரின் குரல் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். ஓரத்தை மிதித்தால் நாலு சொல் பின்னால் போகும். கை இரண்டும் விசைப்பலகையிலேயே இருக்கும். "தையல் மிஷின் மாதிரிதாம்மா, காலு பாத்துக்கும்" என்பார் அக்கா. குறுந்தகட்டில் இருந்த மென்பொருள் விண்டோஸில் மட்டும் இயங்குவது. அது இல்லாமல் பெடல் வெறும் பிளாஸ்டிக் கட்டை. ஒரு மாலை முழுவதும் முயன்றும் என்னால் அதை உயிர்ப்பிக்க முடியவில்லை. பதிவுகளை வேறொரு நிரலில் திறந்து, குரலை நிறுத்தவும் ஓட்டவும் விசைப்பலகையின் மேல் வரிசையில் இரண்டு விசைகளை ஒதுக்கிக் கொடுத்தேன்.

"பெடல் இல்லாமயா?"

"பழகிடும்க்கா."

சோதனை வாரத்தின் மூன்றாம் நாள் மாலை அலுவலகம் விட்டு வந்து அவர் அருகில் அமர்ந்தேன். குழந்தை கீழே பாயில் படம் வரைந்துகொண்டிருந்தது. அக்கா நாலைந்து சொல் அடிப்பார், கை மேலே போகும், குரல் நிற்கும், விட்ட சொல்லை அடிப்பார், மறுபடி கை மேலே போகும். மேசைக்கு அடியில் அவருடைய வலது பாதம், இல்லாத பெடலை ஒவ்வொரு முறையும் மிதித்தது. அதைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த வேகத்தில் தேறாது என்று.

இன்னும் நான்கு நாள் இருந்தன. திலக் சாலைக்கு அந்தப் பெட்டியை ஓர் ஆட்டோவில் ஏற்றிப் போயிருந்தால் அந்தக் கடைக்காரர் அரை மணியில் விண்டோஸைப் போட்டுத் தந்திருப்பார். திருட்டு வேண்டாம் என்றால், உரிமத்துக்கான தொகையை என் சம்பளத்திலிருந்து கொடுத்திருக்கலாம். இரண்டையும் யோசித்தேன். கூடவே, அச்சுக்குப் போய்விட்ட செய்தி மடலையும் யோசித்தேன்.

அக்கா ஹெட்போனைக் கழற்றி, விரல்களைச் சொடுக்கினார். "ஆறு மாசம் சும்மா இருந்ததுல கை கெட்டுப் போச்சிம்மா. முன்னல்லாம் எப்படி ஓடும் தெரியுமா? எல்லாம் மரத்துப் போச்சி."

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். "கொஞ்ச நாள்ல வந்துடும்க்கா" என்றேன்.

மூன்றாவது பதிவு பாதியில் நின்றது. பிழை ஏதுமில்லை, வேகம் போதவில்லை என்று கம்பெனி பதில் அனுப்பியது. அக்கா கராடிக்கே திரும்பினார். அதற்கு முன், அடுத்த வாரத்தில் ஒரு நாள், அவர் கணவர் குழந்தையைச் சென்னை ரயிலில் அழைத்துப் போனார். வாசலில் குழந்தை என்னிடம், "சித்தி வீட்ல டிவி பெருசு" என்றது. மருந்துப் பட்டியலை அக்கா ஆங்கிலத்திலும் தமிழிலுமாக இரண்டு தாளில் அடித்துக் கொடுத்திருந்தார். அதே கணினியில்தான்.

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போவது குறைந்தது. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் அக்காதான் பேசுவார். "கை இப்போ பரவால்லம்மா, ஆபீஸ்ல ஓடுது. வீட்லதான் என்னவோ" என்று ஒருநாள் சொன்னார். அப்போதும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான்கைந்து மாதம் கழித்துக் கம்பெனி மறுபடி வீட்டுச் சோதனைக்கு ஆள் எடுத்தது. இந்த முறை அக்காவின் கணவர், தொழிற்சாலையில் உடன் வேலை பார்த்த ஒருவரை அழைத்து வந்தார். அவர் கம்பெனித் தாளைப் படித்துவிட்டு, தம் வீட்டில் சும்மா கிடந்த உரிமத்தோடு கூடிய பழைய விண்டோஸ் தகட்டைக் கொண்டுவந்து போட்டார். கணினி பற்றிய விஷயம் என்பதால் என்னையும் கீழே வரச் சொன்னார்கள். நான் சுவரோரம் நின்றேன். கம்பெனிக் குறுந்தகட்டை அவர் உள்ளே தள்ளி, பெடலைப் பின்னால் செருகினார். அக்கா உட்கார்ந்து மிதித்தார். மருத்துவரின் குரல் ஓடியது. காலை எடுத்தார், நின்றது. பிறகு அடிக்கத் தொடங்கினார். அவர் அடிக்கும் வேகத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். மழை தகரத்தில் விழுவதுபோல் விசைகள் ஒலித்தன.

ஒரு பக்கம் முடிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப என் கை நல்லாத்தான் இருந்திருக்கு."

யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. உடன் வந்தவர், "ஆமா தாயி, சிஸ்டம்தான் தப்பு" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுக் கணவரோடு டீ குடிக்க வெளியே போனார். நானும் அக்காவும் மட்டும் இருந்தோம்.

"எனக்கு அப்பவே தெரியும்க்கா" என்றேன். "நீங்க அடிக்கறதைப் பார்த்தேனே, மூணாம் நாளே தெரிஞ்சுது. பெடல் இல்லாததுதான்னு. தாள்லயே போட்டிருந்தாங்க. நான்தான் சொல்லல."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"மூணாம் நாளா?" என்றார். மனத்துக்குள் எதையோ கூட்டிப் பார்ப்பதுபோல் உதடு அசைந்தது. "பாப்பா ஊருக்குப் போனது அதுக்கப்பறம் பத்து நாள் கழிச்சி."

நான் மன்னிப்புக் கேட்டேன். முறையான, முழு வாக்கியங்களில் கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டார். "இரும்மா, இன்னொரு பக்கம் பாக்கறேன்" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

இம்முறை மூன்று பதிவுகளும் நான்கு நாளில் முடிந்தன. வீட்டுப் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது. ஆனால் குழந்தை அங்கே ஒரு பள்ளியில் சேர்ந்திருந்ததால், ஆண்டுப் பரீட்சை முடியும்வரை அழைத்துவர முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் அக்கா, யாரைப் பார்த்துக்கொள்வதற்காக வீட்டு வேலை கேட்டாரோ அவள் இல்லாத வீட்டில் உட்கார்ந்து வேலை செய்தார். ஜன்னல் வழியாக அந்தத் தட்டச்சு ஒலி எங்கள் வீடுவரை கேட்கும்.

ஏப்ரலில் குழந்தை திரும்பும் நாள் தெரிந்ததும் கீழே போய், ஸ்டேஷனுக்கு நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்மா" என்றார் அக்கா. "நாங்களே போயிக்கறோம்."