இருபத்தொரு நாள் குடும்பம்

புனேயில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஊரில் சொன்னதும் ஆளாளுக்கு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அங்க சோறு கெடைக்குமா?" சோறு கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து நான், கோவையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து இன்னும் மூன்று பேர். நால்வரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. கல்லூரி முடித்த கையோடு, புனேயை ஒட்டிய ஆகுர்டியில் வண்டிகளுக்குக் கியர் செய்துகொடுக்கும் கம்பெனி ஒன்று எங்களைப் பயிற்சி எஞ்சினியர்களாக எடுத்துக்கொண்டது. தொண்ணூறுகளின் கடைசி அது. எங்களோடு படித்த கெட்டிக்காரர்கள் கம்ப்யூட்டர் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரும்பை நம்பினோம். சிஞ்ச்வடில் ஒரு லாட்ஜில் தங்கினோம். அறைக்கு ஆறு கட்டில், கட்டிலுக்கு இரண்டு ஷிப்ட் ஆள். நான் வேலைக்குக் கிளம்பும்போது ஒருவர் வேலை முடித்து வந்து என் கட்டிலில் படுப்பார். நான்கு மாதம் அப்படி ஓடியும் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது, அவர் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் மட்டும் தெரியும்.

வீடு தேடிப் போன இடமெல்லாம் கதவைத் திறப்பார்கள், எங்களை எண்ணுவார்கள், "ஃபேமிலி ஹை?" என்பார்கள். இல்லை என்றதும் கதவு சாத்தப்படும். கல்யாணமாகாத பையன்கள் என்றால் சாராயம், சத்தம், பெண்கள் என்று அவர்களாகவே ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியலில் ஒன்றுக்குக்கூட எங்களிடம் தகுதி இல்லை என்பதை யாரும் நம்பவில்லை. கடைசியில் வீட்டுத் தரகர் ஒருவர் வழி சொன்னார். ஒருத்தருடைய அம்மாவைக் கூட்டிவந்து கொஞ்ச நாள் உட்காரவைத்தால் அது குடும்பம். பிறகு அம்மா ஊருக்குப் போனால் யார் கேட்கப் போகிறார்கள்?

யாருடைய அம்மா என்று அன்று மாலையே கூடிப் பேசினோம். ஒருவன் அம்மாவுக்கு இரண்டு கறவை மாடு, விட்டு வர முடியாது. ஒருவன் அம்மா பள்ளிக்கூட டீச்சர், லீவு கிடைக்காது. மூன்றாமவன் அம்மாவுக்கு ரயில் என்றாலே தலைசுற்றல். என் அம்மாவிடம் இப்படிச் சொல்லத்தக்க காரணம் எதுவும் இல்லாததால் தேர்வானாள். "பசங்களுக்கு ஒரு வீடு அமையோணும்னா வந்துட்டுப் போறேன்" என்று தீபாவளி கழிந்ததும் முறுக்கு டின்னோடு வந்து இறங்கினாள்.

ஆகுர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று மாடிக் கட்டடம், இரண்டாவது மாடி. அந்தக் குடியிருப்பின் செயலாளர் எதிர்வீட்டுக்காரர். அவரும் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். வீட்டுக்காரர் ஊரில் இல்லாததால் எங்களைப் பார்வையிடும் பொறுப்பு அவருடையது. அம்மாவை முன்னால் நிறுத்தி, "என் அம்மா, நான், என் பெரியம்மா பையன்கள் மூணு பேர்" என்றேன். பெரியம்மா பையன்கள் மூவரும் பணிவாகத் தலையாட்டினார்கள். அம்மா கைகூப்பினாள். அவர் அம்மாவின் குங்குமத்தைப் பார்த்தார், திருப்தியானார். பதினோரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்தாயிற்று. "குடும்பம் இருக்கும்வரை வீடு உங்களுடையது" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

மறுநாள் காலை அம்மா வாசலில் நீர் தெளித்துக் கோலம் போட்டாள். படிக்கட்டுக்கு முன்னால் இரண்டு வீட்டுக் கதவுக்கும் நடுவே இருந்த சின்ன இடம்தான் வாசல். எதிர்வீட்டு அம்மாள், அதாவது செயலாளரின் மனைவி, கதவைத் திறந்து பார்த்தபடி நின்றிருக்கிறார். அவரும் தினம் சின்னதாக ரங்கோலி இடுகிறவர். புள்ளி வைத்து, கையை எடுக்காமல் கோடு இழுத்துச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிக்கும் வித்தையை அவர் பார்த்ததில்லை. அன்று தொடங்கிற்று சிநேகம். அம்மாவுக்குத் தமிழ் மட்டும். அவருக்கு மராத்தியும் கொஞ்சம் இந்தியும். தினம் நாலு மணிக்கு இருவரும் படியில் உட்கார்ந்து வெந்தயக்கீரை ஆய்ந்தபடி அவரவர் மொழியில் பேசினார்கள். "என்னம்மா பேசுவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "எல்லாந்தான்" என்றாள். அவருடைய மூத்த பெண்ணுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனது வரை அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நான்கு மாதமாக அந்த ஊரில் இருந்த எனக்குத் தேநீரில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லத் தெரியாது.

ஒருநாள் காலையில் எங்கள் வாசல் வெறுமையாக இருப்பதைக் கண்டு அந்த அம்மாள் பதறிப்போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். அம்மா அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த நாள்காட்டியில் கறுப்பு வட்டத்தைக் காட்டி, அமாவாசையன்று எங்கள் பக்கம் கோலம் போடுவதில்லை என்று ஜாடையிலேயே புரியவைத்திருக்கிறாள். மாலையில் வேலை முடிந்து வந்த என்னிடம் இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னாள். நான் "ம்" என்றேன்.

அதற்கு அடுத்த இரண்டு நாளில் அப்பாவின் போன் வந்தது. கீழே மளிகைக்கடைக்குத்தான் வரும். மெஸ் சாப்பாட்டில் அவருக்கு வயிறு கெட்டுவிட்டது. "உங்க அம்மாவ அனுப்பறயா, இல்ல நானும் அங்கயே வந்துரட்டுமா?" என்றார். இருபத்தொரு நாள் ஆகியிருந்தது. அம்மாவை அனுப்பினால் குடும்பம் போய்விடும். குடும்பம் போனால் வீடு போய்விடும், பழையபடி அந்தக் கட்டிலும் எண்ணெயும்தான். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தோம். அம்மா ஊருக்குப் போகலாம். போனது யாருக்கும் தெரியக்கூடாது.

எங்கள் பேட்டையில் தொழிற்சாலைகளுக்கு வியாழக்கிழமை விடுமுறை. அந்த ஊரில் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணி வரை கடைக்காரர் முதல் நாய் வரை உறங்குவது வழக்கம். இரண்டையும் சேர்த்து, வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி என்று நேரம் குறித்தோம். ஒருவன் முன்னால் போய்ப் படிக்கட்டைப் பார்த்தான். இரண்டாமவன் ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திவைத்தான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அம்மா பின்னால் வந்தாள், மெதுவாகத்தான் வந்தாள். கோயம்புத்தூர் வண்டியில் ஒரு வங்கி அதிகாரியின் குடும்பத்தோடு ஏற்றிவிட்டுத் திரும்பியபோது எங்கள் திட்டமிடலை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் கோலம் ஞாபகம் வந்தது. வாசல் வெறுமையாக இருந்தால் எதிர்வீட்டு அம்மாள் கதவைத் தட்டுவார். ஆகவே முதல் வகுப்பில் தேறிய நான்கு எஞ்சினியர்கள் கோலம் போடத் தொடங்கினோம். முதல் நாள் போட்டது என்னவென்று போட்டவனுக்கே விளங்கவில்லை. மூன்றாம் நாள் முறைப்படி இறங்கினோம். அம்மா போட்டதை ஞாபகப்படுத்தி வரைபடத் தாளில் அளவெடுத்து வரைந்தோம். புள்ளிக்குப் புள்ளி நாற்பது மில்லிமீட்டர், கூடக்குறைய இரண்டு. ஆளுக்கு ஒரு நாள் முறை. காலை ஐந்தரைக்குக் கதவை ஓசைப்படாமல் திறந்து, ஒருவன் தாளைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் குந்தி உட்கார்ந்து மாவை இழுப்பான். ஆறே காலுக்குக் கம்பெனி பஸ். டிசம்பர் குளிரில் விரல் விறைத்துக்கொள்ளும், கோடு கோணும். தொழிற்சாலையில் எங்களை நம்பி ஒரு கியரைக்கூட அப்போது ஒப்படைக்கவில்லை. நாங்கள் சுயபொறுப்பில் செய்த முதல் உற்பத்தி இதுதான்.

நாலு மணிக்கு ஏன் படிக்கு வருவதில்லை என்ற கேள்விக்குச் சளி, ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, கோலத்தை வைத்து ஒருவாரம் ஓட்டினோம். பிறகு அந்த அம்மாள் என்னைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டார். அம்மாவைக் காணவே முடியவில்லையே, ஏன்? முழங்கால் வலி என்று வாயில் வந்துவிட்டது. டாக்டர் நடக்கக்கூடாது என்றிருக்கிறார், படுக்கையில் இருக்கிறாள். அப்படியானால் கோலம்? விடியும்போது மட்டும் கொஞ்சம் எழுந்திருப்பாள், வலியோடுதான் போடுகிறாள், அதனால்தான் கோடு நடுங்குகிறது. இந்தக் கடைசிப் பொய் எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

அன்று மாலையே ரவை கேசரி வந்தது. மறுநாள் பருப்பும் குழைந்த சோறும், அதற்கு மறுநாள் நல்லெண்ணெயில் ஏதோ பச்சிலை காய்ச்சிய தைலம். சாப்பாட்டை நாங்கள் சாப்பிட்டோம். தைலத்தைக் கிரிக்கெட்டில் கால் பிசகியவனுக்குத் தேய்த்தோம், நன்றாகவே கேட்டது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்ற அளவுக்கு எங்களுக்கு வளர்ப்பு இருந்ததால் இரண்டு வாழைப்பழம் போட்டுத் திருப்பினோம். பார்க்க வருகிறேன் என்று அவர் சொன்னபோதெல்லாம் அம்மா அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். நாங்கள் இல்லாத பகலில் தட்டவேண்டாம், கதவைத் திறக்க எழுந்தால் கால் வீங்கிவிடும் என்றும் டாக்டர் பெயரில் சொல்லிவைத்திருந்தோம்.

இப்படி ஒரு மாதம் ஆகப்போகும் சமயத்தில், எங்களில் ஒருவனுடைய தங்கை தபாலில் ஒரு கோல நோட்டை அனுப்பிவைத்தாள். எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை, அண்ணனுக்குக் கலையார்வம் வந்துவிட்டதாக நினைத்திருப்பாள். அதிலிருந்து பதினைந்து புள்ளிக் கோலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு வியாழக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் பாடுபட்டு நான்தான் போட்டேன். நடுக்கமில்லை, விட்டுப்போன புள்ளியில்லை. எழுந்து நின்று பார்த்தபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது என்பதை மறைப்பானேன்.

எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு அம்மாள் நின்றிருந்தார். கோலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் இந்தியும் மராத்தியும் கலந்து சொன்னதை எனக்கு எட்டிய அளவில் தமிழில் தருகிறேன்.

"இன்றைக்கு அமாவாசை. உன் அம்மா இதைச் செய்யமாட்டாள். அவள் எங்கே?"

பொள்ளாச்சியில் எங்கள் வாசலை இருபத்திரண்டு வருடம் தாண்டித்தாண்டிப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போயிருக்கிறேன். எந்த நாளில் கோலம் இருந்தது, எந்த நாளில் இல்லை என்று ஒருமுறைகூடக் கவனித்ததில்லை. புனேக்காரப் பெண்மணி இருபத்தொரு நாளில் தெரிந்துகொண்டிருந்தார். இனி பொய் சொல்ல என்னிடம் சரக்கில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வீடு போயிற்று என்று மனதுக்குள் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டேன்.

அவர் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. "எப்போது போனாள்?" என்றார்.

"போன மாசம். வியாழக்கிழமை, ரெண்டு மணிக்கு."

"நான் தூங்கிக்கொண்டிருந்தேன்."

"ஆமாம்" என்றேன். அதற்காகத்தான் அந்த நேரம் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

"முழங்கால்?"

"முழங்காலுக்கு ஒண்ணுமில்லை."

"அந்த முழங்காலுக்காகச் சதுர்த்தியன்று நிலா வரும்வரை பட்டினி கிடந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு துணிப்பை கொண்டுவந்தார். பச்சை ரவிக்கைத் துணி ஒன்று, ஒரு தேங்காய், குங்குமப் பொட்டலம். வீட்டுக்கு வந்த சுமங்கலி ஊருக்குத் திரும்பும்போது மடி நிரப்பி அனுப்புவது அவர்கள் வழக்கம். அம்மா என்றைக்குக் கிளம்பினாலும் உதவுமே என்று முன்பே வாங்கிவைத்திருக்கிறார். எங்கள் ஊரிலும் வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துணி வைத்துத்தானே அனுப்புவார்கள். எத்தனையோ பேரை எங்கள் அம்மா அப்படி அனுப்பி நான் பார்த்திருக்கிறேன்.

"சொல்லாமல் போய்விட்டாளா?" என்றார். "நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா?"

"இல்லை, நாங்கதான்" என்றேன். அதற்கு மேல் எனக்கு இந்தி வரவில்லை, தமிழிலும் வந்திருக்காது. பையை என் கையில் கொடுத்து, அம்மாவிடம் சேர்த்துவிடு, வீட்டு விஷயத்தை என் கணவரிடம் நீயே போய்ச் சொல் என்றார்.

சொன்னேன். செயலாளர் கொஞ்சம் சிரித்தார் என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் விதி விதிதான். இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார். மறுநாளிலிருந்து எங்கள் வாசலில் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு ரங்கோலி மட்டும் வழக்கம்போல இருந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்தால் தலையசைப்பார், பேசமாட்டார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பையை அம்மாவிடம் கொடுத்துக் கதையைச் சொன்னேன். வரைபடத் தாள், நாற்பது மில்லிமீட்டர் என்று வேடிக்கையாகத்தான் தொடங்கினேன். அப்பா விழுந்துவிழுந்து சிரித்தார். அம்மா ரவிக்கைத் துணியை மடியில் விரித்து, நான் சொல்லி முடிக்கும்வரை அதன் மடிப்புகளை நீவிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு எறங்கறப்ப அவங்க கதவுக்கு முன்னால ஒரு நிமிசம் நின்னேன்" என்றாள். "தட்டலாம்னு கையக்கூடத் தூக்கிட்டேன். நீ கீழ இருந்து வாம்மா வாம்மான்னே. வந்துட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்லம்மா, சொல்லிட்டுத்தான் போகோணும்னு?"

"நீ படிச்ச பையன் கண்ணு. உனக்குத் தெரியாமயா இருக்கும்னு நெனச்சேன்."

குத்தலாகச் சொல்லியிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.